தாமான் கோனாட் பசார் மாலாம்: முதலில் எண்ணெயைப் பாருங்கள்

என் அப்பா இருபத்திரண்டு ஆண்டுகள் மலேசியாவின் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கச்சாங் பூத்தே விற்றவர். கடலையும் முறுக்குமான நொறுக்குத் தீனிக்கு அந்தப் பெயர். திங்கள்கிழமை ஓர் இடம், செவ்வாய்க்கிழமை வேறோர் இடம் என்று வாரம் முழுக்க ஒரு பழைய வேனில் சுற்றுவார். பள்ளி விடுமுறையில் நானும் உடன் போவேன். பழைய தொலைபேசிப் புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்துக் கூம்பு சுற்றுவது என் வேலை. அந்த நாள்களில் பிடித்த பழக்கம் இன்னும் விடவில்லை. இரவுச் சந்தைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் பண்டத்தைப் பார்ப்பார்கள். நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்ப்பேன், அடுத்துக் கடைக்காரரின் இடுப்பில் தொங்கும் துணியை, அதற்கும் பிறகுதான் பண்டத்தை. என்னோடு சாப்பிட வருகிறவர்களுக்கு இது பெரிய தொந்தரவு.

தொந்தரவைப் பொறுத்துக்கொள்ளும் மூன்று பேர் இருக்கிறார்கள். கலா, மெய் லிங், ரோஸ்னா. கோலாலம்பூருக்குப் பக்கத்து ஊரான காஜாங்கில் ஒரே அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதினோம். இப்போது ஆளுக்கொரு திசை. ஆண்டுக்கு இரண்டு முறையாவது சந்திப்போம், சாப்பிடுவோம், பழைய மேலாளரைத் திட்டுவோம். 2024 அக்டோபர் 9, புதன்கிழமை, கோலாலம்பூர் செராஸில் இருக்கும் தாமான் கோனாட் இரவுச் சந்தைக்குப் போகலாம் என்று நாள் குறித்தது ரோஸ்னா. மற்ற மூவரும் நாள்காட்டியைப் பார்க்காமல் தலையை ஆட்டிவிட்டோம்.

ரயிலில் ஏறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அன்று புரட்டாசி 23. கலா மாதம் முழுக்கச் சைவம், முட்டையும் ஆகாது. மெய் லிங் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டையில் வந்திருந்தாள். சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில் முதல் ஒன்பது நாளும் ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்கு விரதம். அவளுக்கு இறைச்சி, மீன், முட்டை ஆகாது என்பதோடு வெங்காயமும் பூண்டும் கூட ஆகாது. ரோஸ்னாவுக்கு ஹலால். எனக்கு மாட்டிறைச்சி தவிர எல்லாம் சரி. அந்த ஆண்டு நவராத்திரியும் அவர்களுடைய விழாவும் ஒரே நாளில், அக்டோபர் 3-ஆம் தேதி தொடங்கியிருந்தன. இத்தனை நாள் இருக்க, நால்வரும் சேர்ந்து சாப்பிட இந்த வாரத்தைத்தான் பிடித்தோம்.

காஜாங்கிலிருந்து எம்ஆர்டி மெட்ரோ ரயிலில் எட்டாவது நிலையம் தாமான் கோனாட். 2017 ஜூலையில் இந்தப் பாதை திறந்ததிலிருந்து காரில் போவதை நான் விட்டுவிட்டேன், நீங்களும் விட்டுவிடுங்கள். புதன்கிழமை மாலையில் அந்தக் குடியிருப்புச் சாலைகளில் கார் நிறுத்த இடம் தேடுவது, சந்தை முழுவதும் நடப்பதைவிடக் களைப்பான வேலை. நிலையத்திலிருந்து கால் மணி நேரம் நடந்தால் ஜாலான் செர்டாஸ். சாலையின் இரு பக்கமும் கூடாரங்கள். நீளம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர், கடைகள் எழுநூறுக்கு மேல் என்பார்கள். நாட்டிலேயே நீளமான இரவுச் சந்தை என்று பெயர். பக்கத்தில் பல்கலைக்கழகம் இருப்பதால் ஏழரைக்கு மேல் மாணவர் கூட்டம் வந்து அடைத்துக்கொள்ளும். ஆறு மணிக்கு நுழைந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் எண்ணெயும் புதிதாக இருக்கும், கடைக்காரரின் பொறுமையும் புதிதாக இருக்கும்.

நீளத்தைக் கண்டு மிரள வேண்டாம். பாதிக் கடைகளில் காலுறை, கைத்தொலைபேசி உறை, உள்ளாடை, கீரைக்கட்டு. மீதியிலும் ஒரே பண்டம் நான்கைந்து முறை திரும்பத் திரும்ப வரும். முதலில் கண்ட கடையிலேயே வாங்காதீர்கள். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். அப்பா இதைக் கேட்டால் கோபப்படுவார், அவர் கடை எப்போதும் நுழைவாயில் பக்கம் இருக்கும்.

மஞ்சள் கொடிகளைத்தான் முதலில் தேடினோம். இந்த ஒன்பது நாளில் சைவம் விற்கும் சீனக் கடைகள் முக்கோண மஞ்சள் கொடி கட்டியிருக்கும், நடுவில் சிவப்பில் ஒரு சீன எழுத்து. தமிழர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. புரட்டாசியில் வெளியே போய்ச் சாப்பிட முடியவில்லை என்று புலம்புகிற எத்தனையோ பேருக்கு, அதே மாதத்தில் தெருவெல்லாம் சைவக் கடை முளைப்பது கண்ணில் படுவதே இல்லை. கலாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. அந்தக் கொடிக்கு அர்த்தம் அன்றுதான் தெரிந்தது.

முதல் கொடிக்கடையில் சிக்கல். கண்ணாடிப் பெட்டிக்குள் வறுத்த பன்றி போல, வாத்து போல, மீன் போல என்னென்னவோ அடுக்கியிருந்தது. எல்லாம் சோயாவும் கோதுமைப் பசையும் தோஃபு ஏடும்தான். ஆனாலும் பன்றியின் தோல் வரை பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள், மேலே மொறுமொறுப்பு, கீழே வெள்ளைக் கொழுப்பு போல ஒரு அடுக்கு. கலா ஒரு அடி பின்னால் போனாள். ரோஸ்னா இரண்டு அடி. “சைவம்தான்” என்று மெய் லிங் எத்தனை முறை சொன்னாலும் இருவர் முகமும் தெளியவில்லை. வயிற்றை ஏமாற்றலாம், கண்ணை எப்படி ஏமாற்றுவது?

இரண்டாவது கொடிக்கடை காப்பாற்றியது. கறி மீ எனும் குழம்பு நூடுல்ஸ் விற்கும் அம்மாள், அறுபதுக்கு மேல் இருக்கும், உடன் ஒரு மருமகள். மஞ்சள் மீயில் முட்டை சேர்ந்திருக்கலாம் என்பதால் கலாவும் மெய் லிங்கும் மீகூன் என்னும் அரிசிச் சேமியா கேட்டார்கள். தேங்காய்ப்பால் குழம்பு, பொரித்த தோஃபு, நீளப்பயறு, கத்திரிக்காய், கொஞ்சம் முளைப்பயறு. குழம்பின் மேல் முழுசாக ஒரு கறிவேப்பிலைக் கொத்து மிதந்தது. கலா முதல் வாய் எடுத்துவிட்டு நிமிர்ந்து, “வெங்காயம், பூண்டு இல்லாமல் இந்த ருசி எப்படி வந்தது?” என்று கேட்டாள். அம்மாள் செராய் என்னும் எலுமிச்சைப் புல் தண்டை எடுத்துக் காட்டினார், பிறகு லெங்குவாஸ் என்னும் பேரரத்தைக் கிழங்கை. இரண்டையும் அரைக்காமல் நசுக்கி எண்ணெயில் வெகுநேரம் வதக்குகிறாராம். என் கண்ணுக்குப் பட்டது வேறு. குழம்பு ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் மீகூனை இரண்டு முறை குழம்பில் முக்கி, வடித்து, மூன்றாவது முறைதான் நிறைத்தார். சும்மா ஊற்றினால் சாப்பிட்டு முடிக்கும் முன் அடி ஆறிப்போகும். கூட்டம் நெரிக்கிற நேரத்திலும் அந்த இரண்டு முக்கு தவறவில்லை. கிண்ணம் 9 வெள்ளி, அதாவது ரிங்கிட். இந்தச் சந்தையில் அன்று நாங்கள் சாப்பிட்டதில் இதுதான் முதலிடம். ஒன்பது நாள் முடிந்த பிறகு இந்த அம்மாள் எங்கே போகிறார் என்று மெய் லிங் விசாரித்தாள். வீட்டில் ஓய்வு என்றார்.

ரோஸ்னா அங்கே கரும்புச் சாறு மட்டும் குடித்தாள். அவளுக்காக எதிர்ப்பக்கம் கெரோப்போக் லெக்கோர் வாங்கினோம். திரங்கானுப் பக்கத்துப் பண்டம். மீன் சதையும் சவ்வரிசி மாவும் பிசைந்து, உருட்டி அவித்து, துண்டு போட்டுப் பொரிப்பது. விற்ற மலாய்க்கார அக்காவிடம் நான் வழக்கம்போலச் சட்டியை எட்டிப் பார்த்தேன். எண்ணெய் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் இருந்தால் நிற்கலாம். கோப்பி ஓ, அதாவது கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். இது தே ஓ. நுரையும் பொங்கி நிற்காமல் உடனே அடங்கியது. பொறுக்குத் தட்டிய மேல்தோல், உள்ளே இழுபடும் சதை, மீன் வாசம், தொட்டுக்கொள்ள இனிப்பும் காரமுமான சட்டினி. ரோஸ்னாவும் நானும் ஒரு பொட்டலத்தை நின்ற இடத்திலேயே முடித்தோம். குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி, சாத்தே, விற்கும் கடைகளும் இருந்தன. சாத்தேக்குப் பெயர்போன காஜாங்கில் குடியிருந்துகொண்டு செராஸில் சாத்தே வாங்கித் தின்றால் ஊருக்குள் எப்படித் திரும்புவது?

இனி நாற்றத் தோஃபு. இந்தச் சந்தைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் இதற்காகவே வருகிறார்கள். கடையைத் தேட வேண்டியதில்லை, மூக்கு கொண்டுபோய் விட்டுவிடும். கருவாட்டுப் பானையைத் திறந்து வைத்து, பக்கத்தில் மழையில் நனைந்த சாக்கைக் காயப்போட்டால் வரும் வாடை. புளிக்கவைத்த உப்புநீரில் தோஃபுவை ஊறப்போடுவார்கள். சிலர் அந்த நீரில் இறாலும் சேர்ப்பதுண்டு. எனவே கலா விலகிவிட்டாள். மேலே ஊற்றும் சாற்றில் பூண்டு, மெய் லிங்கும் விலகிவிட்டாள். ரோஸ்னாவைக் கேட்கவே வேண்டாம். மூன்று பேரும் பத்தடி தள்ளி, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, நான் தண்டனை அனுபவிப்பதைப் பார்ப்பது போல நின்றார்கள்.

கடைக்காரர் இருமுறை பொரித்தார். முதல் முறை மிதமான சூட்டில் வெளிறிய நிறத்தில் எடுத்து வடியவிட்டார். ஆள் கேட்ட பிறகு, பக்கத்துச் சட்டியில் நல்ல சூட்டில் மறுபடி போட்டார். கட்டைகள் உப்பிச் சுழன்று மேலே வந்ததும், ஒவ்வொன்றின் நடுவிலும் கத்தரிக்கோல் முனையால் ஒரு குத்து. அந்தத் துளைக்குள் ஊறுகாய் போட்ட முட்டைக்கோஸும் மிளகாய்ச் சாறும் போகிறது. கடித்தால் மேலே அப்பளம் போல நொறுங்குகிறது, உள்ளே பஞ்சு. விசித்திரம் என்னவென்றால் வாய்க்குள் போனதும் அந்த வாடை காணாமல் போய்விடுகிறது, நன்றாகப் புளித்த தோசை மாவில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு மணம்தான் மிஞ்சுகிறது. ஐந்து கட்டை 10 வெள்ளி. நான்கு போதும், ஐந்தாவது கொஞ்சம் கடினமாக இருந்தது. திரும்பும்போது ரயிலில் என் பக்கத்து இருக்கையை மூவரும் காலியாகவே விட்டார்கள்.

அப்பம் பாலிக் கடையில் நல்ல கூட்டம். நான்கு அடுப்பு, நான்கு சிறிய தட்டையான சட்டி, ஒரே ஆள். முப்பது வயது இருக்கலாம், என்னைப் பார்த்து “லெங் லுய்” என்றான். அழகி என்று பொருள். ஐம்பதைத் தாண்டியவளை அழகி என்று அழைக்கிற வியாபாரியிடம் விலை பேசக் கூடாது, பேசவும் இல்லை. அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவை ஒரு கரண்டி விட்டு, சட்டியைத் தூக்கி ஒரு சுழற்று. மாவு ஓரம் வரை ஏறி, நடுவில் மெல்லிசாக நிற்கிறது. சர்க்கரை, பொடித்த நிலக்கடலை, ஒரு கரண்டி சோளக் கூழ், ஒரு துண்டு வெண்ணெய். மூடியைப் போட்டுவிட்டு அடுத்த சட்டிக்குப் போகிறான். நான்காவதில் மாவு விடும்போது முதல் சட்டியின் ஓரம் பழுப்பு நிறத்தில் தானாக எழும்பி நிற்கிறது. மெல்லிய கரண்டியை உள்ளே விட்டு, ஒரே மடிப்பு. நேரம் காட்டும் கருவி எதுவும் இல்லை, அவன் கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை. ஒன்று 2 வெள்ளி 50 காசு. மாவில் முட்டை, ஆகவே எனக்கும் ரோஸ்னாவுக்கும் மட்டும். ஓரம் வலை போல உடைந்தது, நடுவில் கடலையும் உருகிய சர்க்கரையும். உடனே சாப்பிட வேண்டும். தாப்பாவ் செய்து, அதாவது பொட்டலம் கட்டி, வீட்டுக்குக் கொண்டுபோனால் துவண்டுவிடும். ரோஸ்னா இரண்டை மகனுக்கு என்று வாங்கினாள். அவை அவளிடம் மாட்டிக்கொண்டு என்ன ஆயினவோ.

இரண்டு கடைகள் ஏமாற்றின. ஒன்று தாங்ஹுலு, குச்சியில் குத்திய பழத்துக்குச் சர்க்கரைப் பாகு பூசுவது. குளிர்காலத்துச் சீனாவுக்கு ஏற்ற பண்டம். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அந்தக் கண்ணாடிப் பாகு கால் மணி நேரம்கூடத் தாங்காது. எங்களுக்குக் கிடைத்தது எப்போதோ செய்து வரிசையாகச் செருகி வைத்தது. பாகு பிசுபிசுத்துப் பல்லில் ஒட்டியது, உள்ளே ஸ்ட்ராபெரி புளித்தது. 8 வெள்ளி. கலா அதைச் சாப்பிடலாம், மெய் லிங்கும் சாப்பிடலாம், ரோஸ்னாவும் சாப்பிடலாம். நால்வருக்கும் பொதுவாகக் கிடைத்த முதல் பண்டம் இப்படி அமைந்தது.

இன்னொன்று லோக் லோக் வண்டி. பண்டங்களைக் குச்சியில் குத்தி வைத்திருப்பார்கள், குச்சிகளின் நுனியில் பூசியிருக்கும் வண்ணத்தை வைத்து விலை. எடுத்துக் கொடுத்தால் கொதிநீரில் முக்கியோ பொரித்தோ தருவார்கள். பண்டத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் நின்ற வண்டியில் சாற்றுக் கிண்ணங்கள் எல்லாருக்கும் பொது, ஒரு பையன் பாதி கடித்த மீன் உருண்டையை அதே கிண்ணத்தில் மறுபடி முக்கினான். வண்டிக்காரர் பார்த்தார், திரும்பிக்கொண்டார். நான் குச்சியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். தனித்தனிக் கோப்பையில் சாறு ஊற்றித் தரும் வண்டிகளும் இதே சந்தையில் உண்டு, பார்த்துப் போங்கள்.

இதற்கிடையில் மழை. பெரிய மழை இல்லை, ஆனால் கூடாரத்தின் ஓரத்தில் தேங்கிய நீரை ஒருவர் கீழிருந்து கம்பால் குத்த, மொத்தமும் மெய் லிங்கின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. குடை இல்லாமல் வந்தது எங்கள் தப்பு. ஒதுங்கிய இடம் புத்து பம்பு கடை. மூங்கில் குழாயில் அரிசி மாவும் கூலா மெலாக்கா என்னும் தென்னை வெல்லமும் வைத்து ஆவியில் வேகவைக்கும் புட்டு. நம் குழாய்ப் புட்டுக்குத் தம்பி, விரல் நீளம்தான். தேங்காய்த் துருவல் மேல் உருட்டித் தருகிறார்கள். ஆவி விசில் அடித்துக்கொண்டே இருக்கிறது. உடைத்தால் நடுவில் வெல்லம் கருப்பாக வழிகிறது. இங்கேதான் ஒருவழியாக நால்வரும் ஒரே தட்டில் கை வைத்தோம். வேகாத மாவு எங்கும் இல்லை, தேங்காய் அன்று துருவியது. வெல்லம் மட்டும் இன்னும் கொஞ்சம் வைத்திருக்கலாம். பத்து உருண்டை 7 வெள்ளி, இரண்டு தட்டு வாங்கினோம்.

கழிப்பறைக்கு ஏங்க வேண்டியிருக்கும், நிலையத்திலேயே வேலையை முடித்துவிட்டு வாருங்கள். பெரும்பாலான கடைகளில் கியூஆர் வைத்துப் பணம் கட்டலாம், ஆனால் மழையில் கைத்தொலைபேசி முரண்டு பிடித்தபோது பத்து வெள்ளித் தாள்கள்தான் உதவின. நால்வருக்கும் சேர்த்து 94 வெள்ளி 50 காசு ஆனது. கணக்கு எழுதுகிறவர்கள் நான்கு பேர் இருந்தும் பங்கு பிரிப்பதில் ஒரு வெள்ளி இடித்தது.

வெளியே வரும் வழியில், கடைசிக்கு முந்திய கூடாரம் கச்சாங் பூத்தே. இருபத்தைந்து வயதுத் தமிழ்ப் பையன். முறுக்கு, ஓமப்பொடி, காரக்கடலை, அவித்த கொண்டைக்கடலை. என்னைத் தாண்டவிடாமல் கால் நின்றுவிட்டது. ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டேன். பழைய எண்ணெய்.

“தம்பி, இது நேற்றைய முறுக்கா?”

“இல்லை ஆண்ட்டி, இன்று காலையில் போட்டது.”

“எண்ணெய் சிக்குப் பிடித்திருக்கிறதே.”

அவன் என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தான். எதுவும் சொல்லாமல் குனிந்து, மேசைத் துணிக்கு உள்ளே கைவிட்டு ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தான். மூடியைத் திறந்ததும் ஓமமும் எள்ளும் மணத்தன. வெளுத்த பொன் நிறத்தில் புது முறுக்கு. மேலே இருப்பது விற்ற பிறகுதான் அது மேசைக்கு வரும்.

அப்பாவும் இப்படித்தான் வைத்திருந்தார். சதுர டின், மேசைக்கு அடியில், இடது பக்கம். விவரம் தெரிந்த கிழவர்கள் வந்து “ராமையா, கீழே என்ன இருக்கிறது?” என்று கேட்பார்கள்.

நான் சிரித்துவிட்டேன், பையனும் சிரித்தான். முறுக்கு இரண்டு பொட்டலம் வாங்கினேன். மெய் லிங் முகர்ந்து பார்த்துப் பெருங்காயமா என்று கேட்டாள், அவர்கள் விலக்கும் வாடைப் பொருள்களில் அதுவும் உண்டாம். அவளுக்காக அவித்த கொண்டைக்கடலை ஒரு பொட்டலம். உப்பு சரியாக இருந்தது. அதை ரயில் வரும் வரை நால்வரும் மாற்றி மாற்றிக் கொறித்தோம். பொட்டலம்தான் பிளாஸ்டிக்.